துருவித்து

பெயர்ச்சொல். துரு நோய்ப் பூசணங்கள் இனம்பெருக்க உண்டாக்கும் நுண்ணிய வித்து. பாடநூல்களில் ‘ஸ்போர்’ என்றும் வழங்கும். ‘ஸ்போர்’ என்பது விதைப்பு, விதை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இவ்வித்துகள் இரும்புத் துருவின் நிறத்தில் இலையில் படிவதால் நோய்க்குத் ‘துரு’ என்னும் பெயர் வந்தது.

கொடைக்கானல், நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் விளையும் பீன்ஸைத் தாக்கும் துருப் பூசணம் யூரோமைசிஸ் அப்பென்டிகுலேட்டஸ். இதன் வித்துகள் ஐந்து வகை. ஐந்தும் பீன்ஸ் செடியிலேயே தோன்றும். கோதுமைக் கருந்துருவுக்கோ இடையில் வேறொரு செடி தேவை.

பீன்ஸ் துருவின் ஐந்து வகை வித்துகளில் பயிருக்குப் பெருங்கேடு செய்வது யுரிடோவித்து. ‘எரிதல்’ என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்த பெயர் இது. இலைத் தோலில் எழும் கொப்புளம் வெடித்துச் செம்பழுப்புப் பொடியாக வெளிப்படும். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை உயிரணுவாலான இவ்வித்தின் மேல் நுண்முட்கள் உண்டு. காற்றில் பரவி, ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியே நுழையும். சுமார் 10 முதல் 15 நாளில் புதுக் கொப்புளம் தோன்றுவதால், ஒரே பருவத்தில் இச்சுற்று பலமுறை நிகழும்.

இலை முதிர்ந்ததும் அதே கொப்புளங்களில் கருநிற டீலியோவித்துகள் உருவாகும். ‘டீலியோ’ என்பதற்கு ‘முடிவு’ என்று பொருள். தடித்த சுவருடைய இவை சருகில் உறங்கிக் கிடந்து, பின்னர் முளைத்து, அடுத்த பயிரைத் தொற்றும் பெசிடியவித்துகளைத் தரும். அறுவடைக்குப்பின் நோயுற்ற சருகுகளை அகற்றுவதும் பயிர்ச்சுழற்சியும் இதனாலேயே பரிந்துரைக்கப்படுகின்றன.