சிக்கராயபுரம் கல்குவாரிகள்

மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் இடையில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள கைவிடப்பட்ட கருங்கல் குவாரிகள். வறட்சிக் காலத்தில் அரசு கையிலெடுத்து, சென்னையின் குடிநீர் ஆதாரமாக மாற்றியவை.

சென்னையைச் சுற்றியுள்ள பாறை பெரும்பாலும் சார்னோகைட். 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதை விவரித்தார். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இவ்வினத்தைச் சேர்ந்தது என்பதால் அப்பெயர். வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லி வேண்டி இத்தகைய பாறையை வெடிவைத்துப் பிளந்தார்கள். கல் எடுப்பு நின்றபின் செங்குத்துச் சுவர்களோடு ஆழக் குழிகள் எஞ்சின, மழைநீர் தேங்கியது. கெட்டிப் பாறையில் விரிசல் வழியாக மட்டுமே நீர் கசியும். ஆழத்தோடு ஒப்பிட்டால் மேற்பரப்பும் குறைவு. அதனால் ஆழமில்லாத ஏரிகள் வெயிலில் வற்றும்போதும் குவாரியில் தண்ணீர் நிற்கும்.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறள, 2017 கோடையில் சென்னைக் குடிநீர் வாரியம் இங்கே மோட்டார் வைத்தது. நீரைப் பரிசோதித்து, குழாய் வழியே செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர். அந்த நிலையத்தின் திறன் 53 கோடி லிட்டர் என்பதால் இது சிறு பங்குதான். ஆனாலும் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊருக்கு அது பெரிது. 2019 வறட்சியிலும் குவாரி நீர் கைகொடுத்தது. அதே ஆண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் ஏற்றிய முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. ஒரு ரயில் சுமந்ததைப்போல் பன்னிரண்டு மடங்கை, 2017இல் இக்குழிகள் ஒரே நாளில் தந்திருந்தன.

மழைவெள்ளத்தை இங்கே திருப்பித் தேக்கும் யோசனைகள் பின்னர் வந்தன. பாதுகாப்பு மட்டும் பின்தங்கியே இருக்கிறது. கைவிடும் சுரங்கக் குழிக்கு வேலியிட வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகளிலேயே உள்ளது. கரை சரிவாக இல்லாமல் நேராக ஆழத்தில் இறங்குவதால், குளிக்க வந்த இளைஞர்கள் பலர் இங்கே மூழ்கி இறந்திருக்கிறார்கள். வறட்சியில் மோட்டார் வைக்க வந்த அக்கறை, மழை பெய்த ஆண்டுகளில் வேலி போடவும் வந்திருக்க வேண்டும்.