பட்டுக் கணக்கும் எஸ்க்யூஎல்லும் - மலிவான டேட்டாபேஸ் எது?

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற ஒன்று. சேலையின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் உண்டு. அந்தச் சேலைக்குப் பின்னால் ஓடும் கணக்கைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஒரு காமர்ஸ் மாணவனுக்கு அந்தக் கணக்குதான் சுவாரசியம்!

பட்டு முதலாளி நெசவாளரின் வீட்டுத் தறிக்குப் பாவு கொடுக்கிறார், ஊடை கொடுக்கிறார், ஜரிகை கொடுக்கிறார். எல்லாம் எடை போட்டுத்தான். நெய்த சேலை திரும்பி வரும்போது மறுபடி எடை. கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம் சேதாரம். சேலைக்குக் கூலி உண்டு. நல்லது கெட்டதுக்கு வாங்கிய முன்பணம் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். ஆக ஒரு நெசவாளருக்குப் பாவு, ஊடை, ஜரிகை, கூலி, முன்பணம் என்று ஐந்து கணக்கு. இதில் ஒன்று தவறினாலும் ஒரு குடும்பத்தின் பாக்கி தவறிப்போகும்.

இப்படிப்பட்ட கணக்கைக் கம்ப்யூட்டரில் எதில் வைப்பது? கடைக்குக் கட்டுப்படியாகும் டேட்டாபேஸ் எது? இந்தக் கேள்விக்கு ஐம்பது வருட வரலாறு இருக்கிறது.

பேரேட்டிலிருந்து டிபேஸ் வரை

இரட்டைப் பதிவு முறையை 1494-ல் அச்சில் விளக்கி எழுதியவர் இத்தாலியின் லூக்கா பாச்சோலி. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. இரண்டும் சேர்ந்தே எழுதப்பட வேண்டும். இது பி.காம். முதல் வருடப் பாடம்.

1970-ல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களை அட்டவணைகளாக வைத்து, ஒன்றோடொன்று எண்ணால் இணைக்கலாம் என்பது அவர் சொன்னது. நெசவாளர் பெயர் ஒரு அட்டவணையில் ஒரே ஒரு முறை. மற்ற அட்டவணைகளில் அவருடைய எண் மட்டும். 1974-ல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதுதான் பின்னாளில் எஸ்க்யூஎல் ஆனது. 1979-ல் ஆரக்கிள் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அதைப் பொதுத் தரமாக ஏற்றது.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் பெரிய மெஷின்களுக்கு. சின்னக் கடைக்கு வந்தது வேறு வழி. அமெரிக்காவில் ஜெட் ப்ரொபல்ஷன் லேப் என்ற விண்வெளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், ஆபீஸில் நடந்த கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்கக் கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதினார். அதுதான் ஆஷ்டன்-டேட் கம்பெனி மூலம் டிபேஸ் 2 ஆக விற்பனைக்கு வந்தது. (டிபேஸ் 1 என்று ஒன்று கிடையாது! 2 என்றால் முன்னேறியது போலத் தெரியும் என்று வைத்த பெயர்.) பிறகு டிபேஸ் 3 பிளஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ என்று ஒரே குடும்பத்தில் வரிசையாக வந்தன. 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ்ப்ரோவை விலைக்கு வாங்கியது. அதே வருடம் ஆக்சஸையும் வெளியிட்டது.

இந்தியாவில் 1984-ன் புதிய கம்ப்யூட்டர் கொள்கைக்குப் பிறகு பிசி விலை இறங்கத் தொடங்கியது. 90-களில் தமிழ்நாட்டின் கம்ப்யூட்டர் சென்டர்களில் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் மூன்றும் சேர்ந்தே ஒரு கோர்ஸ். அதைப் படித்தவர்கள் கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். பொதுக் கணக்குக்கு டாலி வந்தது. ஆனால் தறிவாரியாக எடையும் முன்பணமும் பார்க்க வேண்டும் என்றால், அந்தக் கடைக்கென்றே எழுதிய புரோகிராம்தான் வசதி.

எங்கே உடைந்தது?

டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ, ஆக்சஸ் மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம். சர்வர் என்று தனியாக ஒன்று கிடையாது. டேட்டா ஒரு ஃபைல். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அந்த ஃபைலை நேராகத் திறந்து எழுதும். ஒரே மெஷின் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பாவு கொடுக்கும் மேஜை, சேலை வாங்கும் மேஜை, கூலி கொடுக்கும் மேஜை என்று மூன்று மெஷின் வந்தால் மூன்று பேர் ஒரே பேரேட்டை ஒரே நேரத்தில் இழுத்து எழுதுவது மாதிரி ஆகிவிடும்.

இதில் கரண்ட் கட் வேறு. 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது பலருக்கு நினைவிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபாக்ஸ்ப்ரோவின் இண்டெக்ஸ் ஃபைல் கெட்டுப்போகும். இண்டெக்ஸை மறுபடி கட்டிவிடலாம். ஆனால் சேலை வரவு பதிவாகி, கூலி பதிவாகாமல் நின்றிருந்தால்? அதை எந்தக் கட்டளையும் சரிசெய்யாது. யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சர்வர் வகை டேட்டாபேஸ் இங்கேதான் வேறுபடுகிறது. ஒரு வேலையின் எல்லாப் பதிவுகளும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது. இதற்கு டிரான்சாக்‌ஷன் என்று பெயர். முதலில் செய்யப்போவதை ஒரு லாக்கில் எழுதி வைத்துவிட்டுப் பிறகுதான் அட்டவணையைத் தொடும். கரண்ட் வந்ததும் அந்த லாக்கைப் பார்த்து, முடிந்ததை நிறுத்தி வைத்து, பாதியில் நின்றதை ரத்து செய்துவிடும். பாச்சோலி சொன்ன 'பற்று இருந்தால் வரவும் இருக்க வேண்டும்' என்பதைக் கம்ப்யூட்டர் தானே காவல் காப்பது போல!

இன்னும் இரண்டு எல்லைகள். ஆக்சஸ் ஃபைலும், ஃபாக்ஸ்ப்ரோவின் ஒரு அட்டவணையும் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. மேலும் டிபேஸ் வகை ஃபைலை வேறு எந்தப் புரோகிராமிலும் திறந்து ஒரு எண்ணை மாற்றிவிடலாம். மாற்றியது யார் என்ற தடயமே இருக்காது.

'இலவசம்' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்

சரி, எஸ்க்யூஎல் சர்வருக்கு மாறுவது என்றால் என்ன விலை?

முதல் 'இலவசம்' திருட்டுக் காப்பி. 90-களில் சகஜமாக இருந்தது. 1994-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு 63பி பிரிவு சேர்ந்தது. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். வியாபாரத்துக்கு இது மலிவான வழி இல்லை.

இரண்டாவது, பெரிய கம்பெனிகள் கொடுக்கும் சாம்பிள் மாதிரி இலவசம். மைக்ரோசாஃப்ட் முதலில் எம்எஸ்டிஇ என்று ஒன்றைக் கொடுத்தது. அளவு 2 ஜிபி. 2005-ல் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வந்தது. எல்லை 4 ஜிபி. 2010-ல் அது 10 ஜிபி ஆனது. ஆரக்கிளும் எக்ஸ்இ என்று ஒன்றை இதேபோல வெளியிட்டது. ஆக்சஸ் தெரிந்தவருக்கு எக்ஸ்பிரஸ் ரொம்ப சுலபம். எல்லையைத் தாண்டும் நாளில்தான் பில் வரும்.

மூன்றாவது, திறந்த மூல மென்பொருள். 1995-ல் ஸ்வீடனில் தொடங்கிய மைஎஸ்க்யூஎல், 2000-ல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது. வேகமானது, வெப்சைட்டுகளின் செல்லப்பிள்ளை. ஆனால் அதன் பழைய இயல்பான சேமிப்பு முறையான மைஐசாமில் டிரான்சாக்‌ஷன் கிடையாது. இன்னோடிபி என்ற முறையில்தான் உண்டு. அது இயல்பானதாக ஆனது 2010-ன் 5.5 பதிப்பில். அதற்கு முன் 'மைஎஸ்க்யூஎல் போட்டாச்சு, கணக்கு பத்திரம்' என்று நம்பியவர்கள் கரண்ட் கட்டில் பழைய கதையையே பார்த்திருப்பார்கள்.

நான்காவது போஸ்ட்கிரெஸ். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சி. 1996-ல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறியது. கணக்குக்கு ஏற்ற கட்டுப்பாடு முதலிலிருந்தே அதிகம். ஆனால் விண்டோஸில் நேரடியாக ஓடியது 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான். விண்டோஸ் மட்டுமே தெரிந்த கடைகளுக்கு அதுவரை எட்டாக்கனி.

இவை தவிர, போர்லாண்ட் 2000-ல் திறந்துவிட்ட இன்டர்பேஸிலிருந்து கிளைத்த ஃபயர்பேர்ட். அதே ஆண்டு ரிச்சர்ட் ஹிப் எழுதிய எஸ்க்யூலைட். எஸ்க்யூலைட்டும் ஒரே ஃபைல்தான், சர்வர் கிடையாது. ஆனாலும் டிரான்சாக்‌ஷன் உண்டு. ஒரே மெஷின் இருக்கும் கடைக்கு அது போதும். நெட்வொர்க்கில் ஷேர் செய்து பல பேர் எழுதத்தான் கூடாது.

தமிழ்நாட்டில் இந்தத் திசையில் அரசு நிறுவனமே நடந்து காட்டியது. 2006-க்குப் பிறகு சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது. தனியாரில், சென்னையின் ஜோஹோ நிறுவனம் தன் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்களோடு முதலில் மைஎஸ்க்யூஎல்லையும் பிறகு போஸ்ட்கிரெஸ்ஸையும் சேர்த்துக் கொடுத்தது.

கோபால் எங்கே போனார்?

விலைப்பட்டியலில் வராத செலவு ஒன்று இருக்கிறது. அது தமிழ்.

ஃபாக்ஸ்ப்ரோவுக்கு யூனிகோட் தெரியாது. அதில் தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும் என்றால் பாமினி, டேம், டேப் போன்ற எழுத்துரு முறைகள்தான். (டேம், டேப் இரண்டும் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தவை.) அந்த முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்து சேமிக்கப்படும். 'கோபால்' என்ற பெயரில் முதலில் கொம்பு, அப்புறம்தான் 'க'. அகர வரிசைப்படுத்தினால் கேசவனும் கோபாலும் சேகரும் தேவியும் கொம்புக்கடியில் ஒரே கூட்டமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். 'க' வரிசையில் கோபாலைத் தேடினால் கிடைக்கமாட்டார். கிடைக்காத பெயரைப் புதிதாக ஒருமுறை பதிந்துவிட்டால், ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. முன்பணம் ஒன்றில், கூலி இன்னொன்றில்!

எனவே புது டேட்டாபேஸுக்கு மாறும்போது ஒவ்வொரு பெயரையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். யூனிகோடில் 'ஆரணி' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. உள்ளே நான்கு குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். பழைய அட்டவணையின் அகலத்தையே பைட் கணக்கில் அப்படியே வைத்தால் நீளமான பெயர்கள் நடுவில் வெட்டுப்படும். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்ற பிறகு இந்த வேலை தள்ளிப்போட முடியாததாக ஆகிவிட்டது.

முதலாளி மாறினால்?

டிபேஸ் வைத்திருந்த ஆஷ்டன்-டேட்டை 1991-ல் போர்லாண்ட் வாங்கியது. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இனி புதிய பதிப்பு இல்லை என்று 2007-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. மைஎஸ்க்யூஎல்லை 2008-ல் 100 கோடி டாலருக்கு சன் வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் நிரல் திறந்த மூலமாக இருந்ததால், அதை எழுதிய மாண்டி வைடேனியஸே 2009-ல் மரியாடிபி என்று தனியாகப் பிரித்துக்கொண்டு போக முடிந்தது. பயனர்களும் பெரிய மாற்றம் இல்லாமல் கூடப் போக முடிந்தது. ஃபாக்ஸ்ப்ரோவில் அந்த வழி இல்லை.

வரலாறு சொல்லும் பாடம் இதுதான். வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் போதாது. வெளியே வரும் செலவையும் பார்க்க வேண்டும். முழுக் கணக்கையும் சாதாரண எஸ்க்யூஎல் உரையாக இறக்கி, வேறொரு டேட்டாபேஸில் ஏற்ற முடிகிறதா? அந்த ஊரிலேயே அதைப் பழுது பார்க்க ஆள் கிடைக்குமா? பேக்கப் தினமும் தானே நடக்குமா, அதிலிருந்து மீட்டுப் பார்த்தாயிற்றா? இதற்கெல்லாம் 'ஆம்' என்றால் அது மலிவு.

மூன்று நான்கு மெஷின் உள்ள பட்டுக் கடைக்கு போஸ்ட்கிரெஸ் அல்லது இன்னோடிபியோடு கூடிய மரியாடிபி பொருத்தமாக இருக்கும். ஆக்சஸில் செய்த திரைகளை உடனே தூக்கிப்போடத் தேவையில்லை. ஓடிபிசி மூலம் அதே திரைகளைப் பின்னால் இருக்கும் சர்வரோடு இணைக்கலாம். ஒரு மாதம் பழையதும் புதியதும் இணையாக ஓட வேண்டும். மாதக் கடைசியில் ஒவ்வொரு நெசவாளரின் பாக்கியும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். மொத்தம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்தாலும் மொத்தம் சரியாகவே காட்டும்!

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் கட்டாயம். தனிநபர் கடைகளுக்கு அந்த விதி இல்லை. ஆனாலும் அந்தத் தடம் வரித்துறைக்கு மட்டும் பயன்படுவதில்லை. 'என் முன்பணம் எப்போதோ கழிந்துவிட்டதே' என்று ஒரு நெசவாளர் வந்து நின்றால், யாரையும் சந்தேகப்படாமல் திறந்து காட்ட ஒரு பதிவு இருக்க வேண்டும். அதைக் காட்ட முடியாத டேட்டாபேஸ் சும்மா கொடுத்தாலும் விலை அதிகம்தான்.