இருப்புப்பாதையில் இழந்த விரல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டு இருப்புப்பாதைகளில் வேலை கேட்டு வருபவனிடம், அனுபவம் உண்டா என்று கேட்க வேண்டியதில்லை. கையைப் பார்த்தாலே தெரியும் என்பர். விரல் குறைந்த கையே அதற்கு அத்தாட்சி.

புகைவண்டித் தொடரில் வண்டிகளை இணைக்கும் முறை அத்தகையது. ஒரு வண்டியின் முனையில் நீண்ட இரும்பு வளையம் இருக்கும். மற்றொரு வண்டி நகர்ந்து வருகையில், தொழிலாளி இரண்டிற்கும் நடுவே நின்று, அவ்வளையத்தைக் கையால் தூக்கி எதிர்வண்டியின் துளையிற் செலுத்தி, ஆணியை இறக்கவேண்டும். இமைப்பொழுது பிந்தினால் விரல் போகும். கால் இடறினால் உயிரே போகும். 1893ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் இவ்வேலையிற் காயமுற்றோர் 11,000 பேருக்கும் மேலாவர்.

மாற்றுக் கருவி இல்லாமற் போகவில்லை. மடக்கிய விரல்கள் ஒன்றையொன்று பற்றுவதுபோல், வண்டிகள் மோதிய அளவில் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கிக்கு விர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜானி 1873இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். கம்பெனிகள் செலவைக் காட்டித் தயங்கின. ஒரு கம்பெனி மட்டும் மாற்றினால் பிறர் வண்டிகளோடு அது பொருந்தாது என்பதும் மெய்யே. ஆனால், அபாயம் அறிந்தே வேலைக்கு வந்தவனுக்கு ஈடு இல்லை என்று நீதிமன்றங்கள் கைவிரித்து வந்தமையால், விரல் இழப்பினால் கம்பெனிகளுக்கு நேர்ந்த நட்டம் சொற்பமே.

அயோவா மாநிலத்து விவசாயி லோரென்சோ காஃபின் இக்கொடுமையை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடினார். தொழிலாளியின் அபாயம் போர்வீரனது அபாயத்துக்கு ஒப்பாக இருப்பது நம் நாகரிகத்துக்கே இழுக்கு எனக் குடியரசுத் தலைவர் ஹாரிசனும் இடித்துரைத்தார். 1893 மார்ச் 2ஆம் நாள் அவர் ஒப்பமிட்ட சட்டம் தானியங்கிக் கொக்கியைக் கட்டாயமாக்கியது. அபாயம் அறிந்து வந்தான் என்னும் வாதத்தையும், சட்டத்துக்கு மாறான வண்டிகளைப் பொறுத்தவரை, நீக்கியது. ஆயினும் 1900 வரை தவணை நீண்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில், யூட்டா மாநிலத்துப் புரோமன்டரியில், எஞ்சினோடு உணவு வண்டி ஒன்றை இணைக்க முனைந்த தொழிலாளி கையை இழந்தான். (கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்த இருப்புப்பாதை 1869இல் முடிந்ததும் இவ்விடத்திலேதான்.) இரண்டிலும் தானியங்கிக் கொக்கிகள் இருந்தன, ஆனால், வெவ்வேறு வகையின. ஒன்றோடொன்று பூட்டவில்லை. கொக்கி இருந்ததே போதும், எஞ்சின் ‘வண்டி’ ஆகாது என்று கீழ்மன்றங்கள் வழக்கைத் தள்ளின. 1904 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றியது. எஞ்சினும் சட்டத்துள் அடங்கும் என்றும், தொழிலாளி நடுவே புகவேண்டியிருக்குமாயின் சட்டம் நிறைவேறியதாகாது என்றும் தலைமை நீதிபதி ஃபுல்லர் தீர்ப்பெழுதி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார்.