சராசரிக் கதியின் வரலாறு

இரு கதிகளைக் கூட்டி இரண்டால் வகுத்தலே சராசரிக் கதி என மாணவர் பலர் எண்ணுவர். 60 மைல் தூரத்தை மணிக்கு 20 மைல் கதியிற் சென்று 30 மைல் கதியில் மீள்பவனின் சராசரிக் கதி 25 அன்று. 120 மைலை 5 மணித்தியாலத்தால் வகுக்க வரும் 24 ஆகும். அங்ஙனமாயின் அவ்விதி எங்கே பொருந்தும்?

ஒக்ஸ்போட் மேர்ட்டன் கல்லூரி அறிஞர் வில்லியம் ஹெயிற்ஸ்பரி 1335இல் இதனைத் தெளிவுபடுத்தினார். சீரான ஆர்முடுகலுடன் இயங்கும் பொருள், தன் தொடக்க, இறுதிக் கதிகளின் சராசரியோடு அதே நேரம் சீராக இயங்கும் பொருள் செல்லுந் தூரத்தையே செல்லும் என்பது அவர் கூற்று. ஓய்விலிருந்து தொடங்கும் இயக்கத்தைக் குறிக்கும் முக்கோணியும், அதன் பாதியுயரச் செவ்வகமும் பரப்பிற் சமமென பிரான்சிய அறிஞர் நிக்கோல் ஓரேம் அந்நூற்றாண்டிலேயே காட்டினார். 1638இல் கலிலியோ அதே தேற்றத்தை வீழும் பொருள்களின் ஆய்வுக்கு அடிப்படையாக்கினார்.

ஆதலின் சூத்திரத்தைக் கையாளுமுன் அதன் நிபந்தனையை ஆராய்தல் மாணவர் கடனாகும். நிபந்தனையை மறந்தவர்க்குச் சரியான சூத்திரமும் பிழையான விடையையே தரும்.