பம்பாய் இரத்த வகை

ஏ, பி, ஓ ஆகிய எல்லா வகைகளுக்கும் அடித்தளமான எச் பொருள் சிவப்பணுக்களில் இல்லாத அரிய வகை இது. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கும், ஐரோப்பாவில் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் இருப்பதாக மதிப்பிடுவர்.

கார்ல் லான்ட்ஸ்டைனர் வியன்னாவில் 1901இல் மூன்று இரத்த வகைகளைப் பிரித்தார். மறு ஆண்டு ஏபி சேர்ந்தது. ஓ வகைச் சிவப்பணுக்களில் ஏ, பி இரண்டுமே இல்லாததால், அதை யாருக்கும் ஏற்றலாம் என்ற எண்ணம் வேரூன்றியது. அதற்கு விலக்கு உண்டென்று காட்டியது 1952இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை. பம்பாயின் ஒய்.எம். பேண்டே, சி.கே. தேஷ்பாண்டே, எச்.எம். பாட்டியா ஆகியோர் லண்டனின் ரேஸ், ரூத் சாங்கர் முதலியோருடன் சேர்ந்து எழுதியது அது. அவர்கள் கண்டவர்களின் அணுக்கள் ஓ போலவே நடந்துகொண்டன. சீரமோ ஓ அணுக்களையும் விடாமல் திரளவைத்தது.

காரணம் பின்னர் துலங்கியது. சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஃபியூகோஸ் சேர்ந்தால் அது எச். அதன்மேல் இன்னொரு சர்க்கரை சேர்வதைப் பொறுத்து ஏ அல்லது பி உருவாகிறது. எதுவும் சேராவிட்டால் ஓ. பம்பாய் வகையினரிடம் ஃபியூகோஸைச் சேர்க்கும் நொதியே செயல்படுவதில்லை. ஆகவே ஏ, பி மரபணுக்கள் இருந்தாலும் வெளியே தெரியா. பிள்ளைகளிடம் மட்டும் தலைகாட்டும். இரத்த வகையை வைத்துத் தாய் தந்தையரைச் சந்தேகிப்போர் இதை அறிவது நல்லது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இவ்வகை அமையும் என்பதால், உறவுத் திருமணம் வழக்கமான குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது.

ஆபத்து சோதனை மேசையில்தான். விரல்நுனி இரத்தத்துளியில் நீலநிற ஏ எதிர்ச்சீரம், மஞ்சள்நிற பி எதிர்ச்சீரம் எதைக் கலந்தாலும் திரளாது. உடனே ‘ஓ’ என்று எழுதிவிடுவார்கள். நோயாளியின் சீரத்தை ஓ அணுக்களோடு கலந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். உறுதிசெய்ய உலெக்ஸ் என்ற முட்செடியின் விதைச்சாறு உதவுகிறது. அது எச் உள்ள அணுக்களை மட்டுமே திரளவைக்கும். தவறி ஓ இரத்தம் ஏற்றினால், சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம்.

இவர்களுக்கு இவ்வகை இரத்தமே ஏற்றவேண்டும். குளிர்பதனத்தில் சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள் தாங்கும் என்பதால், முன்கூட்டியே சேர்த்து வைப்பது கடினம். கொடையாளர் பட்டியலில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைப்பதே நடைமுறை. அவசரத்தில் முதலில் உடன்பிறந்தோரைச் சோதிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.