சட்டப் பட்டத்துக்குப் பின் 9 மாதங்கள்

தீபகற்ப மலேசியாவில் சட்டப் பட்டம் பெற்றவுடன் ஒருவர் வழக்கறிஞராகிவிட முடியாது. பிரிட்டனில் பட்டம் மட்டும் பெற்றவர்கள் முதலில் சி.எல்.பி. தேர்வில் தேற வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு அது தேவையில்லை. இரு தரப்பினரும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, 7 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் 9 மாதங்கள் ‘சேம்பரிங்’ எனும் பயிற்சி பெற வேண்டும். அதன் பிறகே உயர் நீதிமன்றம் அவர்களை வழக்கறிஞராக ஏற்கும்.

பயிற்சிக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் அனுமதியின்றி வேறு வேலை பார்க்க முடியாது. பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்வது நல்லது. பெரிய சட்ட நிறுவனங்களில் பல பிரிவுகள் இருக்கும். அலவன்ஸ் எவ்வளவு, எந்தப் பிரிவில் பயிற்சி, நீதிமன்றம் செல்லும் வாய்ப்பு உண்டா என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறுதியாண்டில் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.