மூலைவெட்டுச் சதுரம் பிறந்த கதை

வெளிர் நிறத்தில் ஒரு சதுரத் துணி, அடர் நிறத்தில் ஒன்று. இரண்டையும் மூலைக்கு மூலை வெட்டி, பாதிகளை மாற்றித் தைத்தால் இரு நிறமும் கொண்ட இரண்டு சதுரங்கள் கிடைக்கும். இப்படி நான்கைச் சேர்த்துத் திருப்பி வைத்தால் காற்றாடி. வேறு விதமாகத் திருப்பினால் உடைந்த தட்டுகள். இரண்டை மட்டும் அடுத்தடுத்து வைத்தால் பறக்கும் வாத்து. அமெரிக்கப் பெண்கள் தங்கள் ஒட்டுப்போர்வைக் கட்டங்களுக்கு வைத்த பெயர்கள் இவை.

வெட்டுவது எளிது, தைப்பதுதான் பாடு. பாவு வழியே, ஊடை வழியே வெட்டிய துணி வெட்டியபடி நிற்கும். மூலைவாட்டில் வெட்டியதை நம் தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்பார்கள். அந்த விளிம்பு கை பட்டாலே இழுபடும். சதுரம் நெளியும், முக்கோணத்தின் கூர்முனை மழுங்கும். அந்த விளிம்பை அடக்கிய கதையைத்தான் இந்த வடிவம் பிறந்த கதையாக நான் படிக்கிறேன்.

பிரிட்டனில் ஆண்டு குறித்த ஒட்டுப்போர்வைகளில் தெரிந்தவரை மூத்தது 1718-இல் செய்த பட்டுப் போர்வை. அதில் முக்கோணங்கள் நிறைய. ஒவ்வொரு துண்டையும் அதே வடிவத்தில் வெட்டிய தாளின் மேல் மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தாள் இழுபடாது, அதனால் துணியும் இழுபடவில்லை. எத்தனை அழகான யோசனை!

ஒட்டுப்போர்வை ஏழ்மையில் பிறந்தது என்று சொல்லிச் சொல்லி நம்பிவிட்டோம். 1708 வாக்கில் இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகைக்காகத் தைத்த போர்வை இந்தியச் சீட்டித் துணியால் ஆனது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டிக்கு ஐரோப்பா ஏங்கிய காலம் அது. துண்டுத்துணி வசதியுள்ள வீட்டில்தான் சேரும்.

சாதாரண வீடுகளுக்கு அது பரவலாக வந்தது ஆலைத்துணி மலிந்த பிறகு. 1820-களில் மாசசூசெட்ஸின் லோவல் நகரில் ஆலைகள் எழுந்தன. அவற்றுக்குப் பருத்தி எடுத்துக் கொடுத்தவை தெற்கில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் கைகள். அந்த மலிவின் விலையை அவர்கள் கொடுத்தார்கள். 1840-களில், மடியில் வைத்துத் தைக்கக்கூடிய சிறு சிறு கட்டங்களாகப் போர்வையைப் பிரித்துத் தைக்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே பெரும்பாலோர் தாளை விட்டுவிட்டு நேரோட்டத் தையலுக்கு வந்தார்கள்.

தாள் போன இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது. தைத்து முடித்த சதுரம் 3 அங்குலம் வேண்டுமானால், முக்கோணத்துக்கான சதுரத்தை 3⅞ அங்குலமாக வெட்ட வேண்டும். நேர்ப்பக்கத் தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் போதும். சாய்ந்த தையலுக்கு விடும் கால் அங்குலமோ நேர்ப்பக்கத்தில் அளந்தால் அதைவிடக் கூடுதலாகத் துணி கேட்கும். எல்லாம் சேர்ந்துதான் ⅞. இந்தக் கணக்குப் பிடிபட்ட நாளில் எனக்கு வந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

இன்று பலர் முக்கோணத்தை வெட்டித் தைப்பதே இல்லை. இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே வருமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போடுகிறார்கள். கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையல். அதன் பிறகுதான் கோட்டின் மேல் கத்தரி. விரித்தால் இரண்டு சதுரங்கள். கிராஸ் விளிம்பு கைக்கு வரும்போதே தையல் அதைப் பிடித்துவைத்திருக்கிறது.